பதினொரு நெஞ்சின் சூடு

மலைநாட்டில் ஒரு வசதி உண்டு. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் பிளாஸ்டிக் தாள், இடுப்பைச் சுற்றிச் சாக்கு என்று கட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டால், உள்ளே இருப்பது ஓர் ஆளா, ஒன்றரை ஆளா என்று எமதர்மனே வந்தாலும் சொல்ல முடியாது. அந்த வசதியை நம்பித்தான் ரேணுகா ஐந்தாம் மாதத்தையும் ஆறாம் மாதத்தையும் ஓட்டினாள். குன்னூருக்கு மேலே, அந்த எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், இருபத்து நாலு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் லைன் வீடு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் ஐந்தாவது வீட்டில் தும்முவார்கள். அங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவள் மனதாரவே நம்பினாள்.

மறைக்கக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் பிள்ளை தங்கியபோது லைனே திரண்டு வளையல் போட்டது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி முதல் வளையலை மாட்டிவிட்டு, "ஆம்பளப் புள்ளதான். வயிறே சொல்லுதே!" என்று கூட்டத்தில் உரக்கச் சொன்னாள். ஒன்பதாம் நாள் வலி கண்டது. குறைமாதத்தில் பிறந்த அந்த ஆண்பிள்ளை நாலு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. டாக்டர் ரத்தக்கொதிப்பு என்றார். ரேணுகா கண் என்றாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா? அன்றிலிருந்து அவள் புஷ்பவல்லியோடு பேச்சை நிறுத்தினாள். குழாயடியில் அவள் நின்றால் இவள் குடத்தோடு திரும்பிவிடுவாள். இடையில் ஒரு சுவர் மட்டும் இருக்கிற வீட்டோடு மூன்று வருடம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஆனால் பிடிவாதத்தில் ரேணுகாவுக்கு ஈடு அந்த மலையில் கிடையாது.

இரண்டாவது தங்கியபோது கணவன் பாலகுமாருக்கும், துணை சுகாதார நிலையத்து நர்ஸ் கெஸியாவுக்கும் மட்டும்தான் சொன்னாள். வாயைத் திறக்கக்கூடாதென்று இருவரிடமும் சத்தியம் வாங்கினாள். வளையல் இல்லை, பூச்சூட்டல் இல்லை. ஏழரை மாதத்தில் மறுபடியும் அதே ரத்தக்கொதிப்பு. ஊட்டி பெரியாஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. ஆயிரத்து நானூறு கிராம்.

மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, ஆயிரத்து அறுநூற்று இருபது கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரி மாதம். விடிந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல உறைபனி. கெஸியா வீட்டுக்கே வந்து, குழந்தையின் சட்டையைக் கழற்றி, குல்லாவும் காலுறையும் மட்டும் விட்டு, ரேணுகாவின் வெற்று நெஞ்சின்மேல் தவளைபோல ஒட்டவைத்துத் துணியால் கட்டினாள்.

"இனிமே இதுதாம்மா பாப்பாவுக்குக் கண்ணாடிப் பெட்டி. ராத்திரி பகல்னு இல்லை, யாராவது ஒருத்தர் நெஞ்சுல இருக்கணும். நீ, உன் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்துல நம்பிக்கையான பொம்பளைங்க, யாரா இருந்தாலும் சரி. சூடு குறைஞ்சா பிள்ளை தன் உடம்பையே எரிச்சுச் சூடு பண்ணிக்கும். அப்புறம் எங்கேயிருந்து எடை ஏறும்?"

ரேணுகா தலையாட்டினாள். கெஸியா தலை மறைந்ததும் கதவைச் சாத்தினாள். யாராவது ஒருத்தர் என்பதெல்லாம் இல்லை, தான் ஒருத்திதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஒரு வாரம் அவள் படுக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, நெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்தே இருந்தாள். தேயிலை பாக்டரியில் இலை வாட்டும் பிரிவில் வேலை பார்க்கும் பாலகுமார் ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து, சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

"ஒரு மணி நேரம் எங்கிட்டக் குடு ரேணு. நீ கண்ணசரு."

"உங்க மேல இலைத்தூசு இருக்குது."

அவன் மறுபடி குளித்துவிட்டு வருவான். அப்போது அவன் கை சில்லென்று இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் அணை கட்டினால் பாவம் அவன் என்ன செய்வான்? வாசலில் தினமும் யாராவது ஒரு தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, எல்லாம் பால் சுரக்க. யார் கைபட்டதோ என்று ரேணுகா தொடவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வந்த பத்தியத்தையெல்லாம் சாப்பிட்டு பாலகுமார்தான் ஒரு சுற்றுப் பருத்தான்.

எட்டாம் நாள் கெஸியா தராசோடு வந்தாள். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. முப்பது கிராம் குறைந்திருந்தது. தராசின் முள்ளைவிட ரேணுகாவின் முகத்தைத்தான் கெஸியா அதிக நேரம் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல இருந்தது. பால் ஏறக்குறைய நின்றுவிட்டது.

"தூங்காத உடம்புல பால் ஊறாது ரேணுகா. பால் இல்லேன்னா எடை இல்ல. இன்னும் கொஞ்சம் குறைஞ்சா மறுபடி அட்மிஷன்தான். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு மத்தவங்க கையிலயும் குடு."

"குடுத்துத்தானே ஒண்ணைத் தொலைச்சேன்," என்றாள் ரேணுகா. அது பொய் என்று அவளுக்கே தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்துபோன முதல் பிள்ளையை அவளும் தொட்டதில்லை, வேறு யாரும் தொட்டதில்லை. ஆனால் பயத்துக்குக் கணக்குத் தெரியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பாலகுமாருக்குப் பகல் ஷிப்ட். மலை முழுக்க மஞ்சு இறங்கி, எதிர்வீட்டு வாசல்படிகூடத் தெரியவில்லை. பத்து மணி சுமாருக்கு ரேணுகா திடுக்கிட்டு விழித்தாள். உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். கட்டியிருந்த துணி தளர்ந்து, பிள்ளை பக்கவாட்டில் சரிந்து, அதன் மூக்கு சால்வை மடிப்புக்குள் புதைந்திருந்தது. இழுத்து எடுத்தாள். மூச்சு இருந்தது. அவளுக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. இன்னொரு முறை தூங்கினால் தன் கையாலேயே கொன்றுவிடுவோம் என்று பயந்துபோனாள். அன்றைக்கு உலகத்தில் அவள் நம்பாத ஆட்களின் பட்டியலில் அவள் பெயரும் சேர்ந்துவிட்டது.

ஆள் வேண்டாம், நெருப்பு போதும் என்று தோன்றியது அப்போதுதான். குளிருக்கு இரும்புச் சட்டியில் கரித்தணல் வைத்துக்கொள்வது அந்த லைனில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ஆனால் கதவை ஒரு சாண் திறந்து வைத்துத்தான் தணலை உள்ளே எடுப்பார்கள். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரேணுகாவுக்கும் தெரியும். ஆனால் ஒரு சாண் திறந்தால் மஞ்சு உள்ளே வருமே? வெந்நீர் அடுப்பிலிருந்து தணலை வாரினாள். தேயிலைக் கூடையில் துணி விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்தாள். சட்டியைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் சாக்கைத் திணித்தாள். அறை கதகதவென்று ஆயிற்று. "அப்பாடா" என்று அவள் சுவரோரம் தலை சாய்த்தாள்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி ஆறுக்குட்டி விசிலடித்து வேலையை நிறுத்தினார். பத்தடி தள்ளிக் காட்டெருமை நின்றாலும் தெரியாத மஞ்சில் கொழுந்து பறிக்கவிட அவருக்குத் துணிச்சல் இல்லை. பெண்கள் வீடு திரும்பினார்கள். லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. புஷ்பவல்லி உள்ளே வந்து முக்காட்டை உதறியவள் அப்படியே நின்றாள். சுவருக்கு மேலிருந்து கரிவாசம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. ஒன்பது நாளாக அந்தப் பக்கமிருந்து கேட்ட முனகலும் தாலாட்டும் இருமலும் இல்லை.

"ஏ ரேணுகா!" மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்தச் சுவரைத் தாண்டியது. பதில் இல்லை. அடுத்த நிமிடம் அவள் வெளியே ஓடிவந்து கதவை உதைத்தாள்.

ரேணுகாவுக்கு அது எங்கோ பள்ளத்தில் பாறை உருள்வதுபோலக் கேட்டது. பிறகு முகத்தில் குளிர்காற்று. யாரோ கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வாசலில் போட்டார்கள். தலை இரண்டாகப் பிளப்பதுபோல வலித்தது. வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்தபோது அவள் பார்த்த காட்சியைச் சாகும்வரை மறக்கமாட்டாள்.

ஈரச் சிமெண்டுத் தரையில் புஷ்பவல்லி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் ஒரு பக்கம் கிடந்தது. ரவிக்கைக் கொக்கிகள் திறந்திருந்தன. ஊர் பார்க்கிறதே என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. நெஞ்சோடு பிள்ளையை ஒட்டி, தேயிலைக் கறை ஏறிய விரல்களால் அதன் முதுகை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அழுடி! அழுது தொலையேன்டி, என் கண்ணு! அழு!" என்று கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். அவளைச் சுற்றி மஞ்சுக்குள் லைன் முழுக்க நின்றது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளை அழுதது. பூனைக்குட்டி அளவுக்குத்தான். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு ரேணுகாவின் காதில் விழுந்தது. இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டா நின்றார்கள் என்று அந்த மயக்கத்திலும் அவளுக்கு வியப்பாக இருந்தது.

கொழுந்து லாரியில் தார்ரோடு வரை, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊட்டி வரை, புஷ்பவல்லி பிள்ளையை நெஞ்சைவிட்டு எடுக்கவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிடம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், ரேணுகாவின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். சாயங்காலம், அபாயம் இல்லை என்று சொன்ன பிறகு, அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த புஷ்பவல்லியைப் பார்த்தாள். பிள்ளை இன்னும் அவள் நெஞ்சில்தான் இருந்தது.

"அக்கா..." என்றாள். அழுகைதான் வந்தது.

"அழாத. காம்பரா பூரா சாக்கை அடைச்சு வெச்சிருக்கியே, ஏன்டி, எங்களையெல்லாம் பார்த்தா நெருப்பவிட மோசமாவா தெரியுது?" புஷ்பவல்லியின் அப்பா கண்டித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பேச்சு, அறையை இன்னும் காம்பரா என்றுதான் சொல்வாள்.

"நான் சொல்லாமப் புள்ள பெத்தேன். ஒங்க மேல பழி வெச்சேன்."

"சொல்லாம!" புஷ்பவல்லி சிரித்தாள், பிள்ளை குலுங்காதபடி வயிற்றுக்குள். "மூணாம் மாசத்துலயே தெரியும்டி. நீ தேத்தண்ணியைப் பார்த்து மூஞ்சியத் திருப்பினியே, அன்னைக்கே தெரியும். கொழுந்து பறிக்கறப்ப மேட்டு நிரையெல்லாம் எங்களுக்கு, ரோட்டோரத்துச் சமநிரை மட்டும் உனக்கு. அஞ்சு மாசமா அது எப்புடி வந்துச்சுன்னு நெனச்ச?"

அதிர்ஷ்டம் என்றல்லவா ரேணுகா நினைத்திருந்தாள்.

"ஆறுக்குட்டிகிட்ட நாங்கதான் சொல்லி வெச்சோம். உன் கூடையை முக்காவாசியிலயே நாங்க வாங்கி நிறுக்கப் போனது சும்மாவா? நீ கண்ணுக்குப் பயந்து மறைச்ச. சரி, உன் மனசு நோகக்கூடாதுன்னு நாங்களும் பார்க்காத மாதிரியே இருந்தோம். இருபத்து நாலு ஊட்டுப் பொம்பளைங்க வாயைக் கட்டிக்கிட்டு அஞ்சு மாசம்! எனக்கு நாக்கே வெடிச்சிருச்சுடி."

எத்தனை பேர், எத்தனை நாள்! ரேணுகா ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். குழாயடியில் இவளைக் கண்டதும் பேச்சை மாற்றியவர்கள், வழுக்குப் பாதையில் ஏதோ சாக்குச் சொல்லி முன்னும் பின்னும் நடந்தவர்கள். இத்தனை நாளும் தன்னந்தனியாக நடந்ததாக அவள் நினைத்த பாதையில் ஒரு கூட்டமே உடன் நடந்திருக்கிறது. கோயிலில் கூட அவளுக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

இரண்டு நாளில் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கே கெஸியா வந்துவிட்டாள். "பிள்ளைக்கு நெஞ்சு குடுக்க ஆள் வேணும். இருமல், சளி, பீடி, புகையிலை இருக்கிறவங்க வரவேண்டாம்," என்றாள். பாதிப் பேர் முன்னால் வந்தார்கள். கெஸியா ஒவ்வொருவராகத் தொண்டையைப் பார்த்து, நகத்தைப் பார்த்துப் பதினோரு பேரை எடுத்தாள். ஏழு பெண்கள், நாலு ஆண்கள். தள்ளப்பட்டவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று பேர் அன்றைக்கே பீடியை விட்டார்கள்.

ரேணுகா வாசலில் நின்று தயங்கினாள். "அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். எங்க பாட்டை அவங்க எதுக்கு..."

"நிரையில ஒருத்தி பின்தங்கினா என்ன பண்ணுவோம்?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

இது என்ன கேள்வி? தன் நிரையை முதலில் முடித்தவள் சும்மா நிற்கமாட்டாள். பின்தங்கியவளின் நிரைக்கு மறுமுனையில் போய் நின்று, அங்கிருந்து இவளை நோக்கிப் பறித்துக்கொண்டு வருவாள். நடுவில் இருவரும் சந்திக்கும்போது நிரை முடிந்திருக்கும். பறித்த கொழுந்து பின்தங்கியவளின் கூடைக்குத்தான் போகும். அதற்கு நன்றி சொல்கிற வழக்கமில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. ரேணுகாவே எத்தனையோ முறை அப்படி எதிரே போயிருக்கிறாள்.

"எதிர போவோம்," என்றாள்.

"அப்ப வழியை விடு."

முதல் நாள் அவள் லேசில் தூங்கவில்லை. புஷ்பவல்லி நெஞ்சில் பிள்ளை இருந்த இரண்டு மணி நேரமும் எதிரே உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணினாள். அடுத்து பாலகுமார். தன் பிள்ளையை முதல்முதலாக நெஞ்சில் வாங்கியவன், பிள்ளை அழுமுன் தானே தேம்பினான். அதற்கடுத்து பிள்ளைக்காப்பகத்து உமாமகேஸ்வரி. மூன்று பேருக்கும் மூன்று விதமான மூச்சு. பிள்ளை ஒவ்வொரு நெஞ்சின் தாளத்துக்கும் தன் மூச்சைச் சரிசெய்துகொள்வதை ரேணுகா கண்ணால் பார்த்தாள். இவர் யார், அவர் யார் என்று அது விசாரிக்கவில்லை. இத்தனூண்டு உயிருக்கு இருக்கிற நம்பிக்கை தனக்கு இல்லாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே தூங்கிப்போனாள்.

பிறகு நடந்ததை அவள் அரைத்தூக்கத்தில்தான் பார்த்தாள். இரண்டரை மணி நேரத்துக்கொரு முறை யாராவது தட்டி எழுப்பிப் பால் கொடுக்க வைப்பார்கள். குடிக்கத் திணறினால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுவார்கள். பூண்டுக் குழம்பு இப்போது அவள் வாய்க்கே வந்தது. பாக்டரி ஆட்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு பகலில் ஓர் ஆண் லைனில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பாய்லர்காரர் மரியஅந்தோணியின் நெஞ்சுக்கு மட்டும் தனிக் கிராக்கி. அவர் உடம்பே அடுப்புபோலச் சூடு, பிள்ளை அங்கே போனால் எழுந்திருக்கவே மாட்டாள். நாலாம் நாள் ரேணுகாவின் ரவிக்கை நனைந்தது. பால்! அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரேணுகா கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். காலைப் பாலுக்குப் பிறகு அசந்து தூங்கியிருக்கிறாள். கை தானாகப் பக்கத்தில் துழாவியது. பிள்ளை இல்லை. அறையில் யாரும் இல்லை.

இன்றைக்கு எடை பார்க்கிற நாள். குறைந்திருந்தால் ஊட்டிக்குத் தூக்கிப்போக வேண்டும். தன்னை எழுப்பாமலே தூக்கிப்போய்விட்டார்களா? அப்படியென்றால் நிலைமை எவ்வளவு மோசம்? பழைய பயமெல்லாம் ஒரே எட்டில் திரும்பி வந்தது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

லைனின் கோடியில், வெயில் விழும் கடைசி வாசலில் கூட்டம். நடுவில் நாற்காலியில் மேஸ்திரி ஆறுக்குட்டி. மேல்சட்டை இல்லை. கரடிபோல முடி அடர்ந்த அந்தப் பெரிய நெஞ்சில், கம்பளிக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் குல்லா மட்டும் எட்டிப்பார்த்தது. டிவிஷனையே விசிலில் ஆட்டிவைக்கிற மனிதர், மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தும் துரத்தத் துணியாமல் சிலைபோல இருந்தார். அவருக்குப் பக்கத்தில், நீளமாகப் போட்ட பெஞ்சில் வரிசை. வெந்நீரில் கழுவிய கைகளை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உமாமகேஸ்வரி, மரியஅந்தோணி, பாலகுமார், புஷ்பவல்லி என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பீடியை விட்ட மூவரும் தொண்டையைக் காட்டிக் கெஸியாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். பிரார்த்தனை முடிந்து நேரே வந்திருந்த கெஸியா வெள்ளைச் சேலையில் இருந்தாள். தராசு ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது.

"எவ்வளவு?" என்று ரேணுகா கேட்டாள்.

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பது," என்றாள் கெஸியா. "மூணு தடவை வெச்சுப் பார்த்துட்டேன்."

இருநூற்று அறுபது கிராம். யார் கொடுத்தது எத்தனை கிராம் என்று கடவுளால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. அவள் அந்த பெஞ்சில் இருந்த முகங்களைப் பார்த்தாள். கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் கும்பிட்டால் திட்டுவார்கள். அழுகையும் சிரிப்புமாக ஆறுக்குட்டியின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

ஆறுக்குட்டி உதட்டை மட்டும் அசைத்தார்.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. என் முறை முடிய இன்னும் இருபது நிமிசம் இருக்குதுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் குல்லா அசையாதபடி வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரேணுகா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். வாளியில் இருந்த வெந்நீரில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பெஞ்சின் கடைசியில், புஷ்பவல்லிக்கு அடுத்து, தன் முறைக்காக உட்கார்ந்தாள்.